இடவழிக்குள் புல்லட் சத்தம்: வண்டிக்காரர் உரிமை எதுவரை, வீட்டுக்காரர் தூக்கம் எதுவரை?

#1 வேளிமலை

தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் பக்கம் நாலு பேர் கூடுற இடத்தில் எல்லாம் இப்போ இதே பேச்சுதான்: சைலன்சர் மாத்தின வண்டிகள். "என் காசு, என் வண்டி" என்கிறது ஒரு கூட்டம். "வண்டியைப் பிடிச்சு ஸ்டேஷன்ல போடணும்" என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கோபம் இருக்கிற அளவுக்கு விவரம் இல்லை. விவரத்துக்காகத்தான் இந்த இழை.

நம்ம மாவட்டத்தில் ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கு. இடவழி எட்டு அடி, பத்து அடி. இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர், அதை ஒட்டியே வீட்டு ஜன்னல். ஓட்டு வீடாக இருந்தால் கூரை இடுக்கு வழியாகவும் சத்தம் உள்ளே இறங்கும். நாலுவழிச் சாலையில் காதில் விழாமல் போகிற சத்தம் இங்கே கட்டிலில் கிடக்கிற குழந்தையை எழுப்பும்.

என் நிலை இது. எஞ்சின் சத்தத்தை ரசிக்கிறதில் தப்பு இல்லை. ஆனால் அதை ரசிக்காதவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போக முடியாது. அவர் தன் வீட்டுக்குள் இருக்கிறார், போக வேறு இடம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுக்கொடுக்கிற பொறுப்பு வண்டிக்காரர் பக்கம் கூடுதலாக இருக்கு என்று நினைக்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

வேண்டுகோள்: சொந்தக் கதை வேண்டாம், யார் பெயரையும் இழுக்க வேண்டாம். சட்டம், அளவு, பட்டறை வேலை, இதைப் பற்றி எழுதுங்கள்.

#2 கோட்டார் முடுக்கு

சட்டப் பகுதியை நான் எழுதுகிறேன். இரண்டு வகை அளவு இருக்கிறது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகை, வண்டிக்கான அளவு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இன் ஆறாம் அட்டவணையில் வருகிறது. இருசக்கர வாகனத்துக்கு 80 சிசி வரை 75 டெசிபல், 80-க்கு மேல் 175 சிசி வரை 77, 175-க்கு மேல் 80. கம்பெனியை விட்டு வெளியே வரும்போது வண்டி இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். அளக்கும் முறையைக் கவனியுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து 20 மீட்டர் ஓட வேண்டும். மைக் 7.5 மீட்டர் தள்ளி நிற்கும். அதாவது 350 சிசி புல்லட் முழு முறுக்கில் போனாலும் 7.5 மீட்டரில் 80-ஐத் தாண்டக் கூடாது. இடவழிக்குள் இரண்டாம் கியரில் பதமாகப் போகிற கம்பெனி சைலன்சர் வண்டி அதைவிட எவ்வளவோ கீழேதான் இருக்கும்.

இரண்டாம் வகை, இடத்துக்கான அளவு. ஒலி மாசு விதிகள் 2000. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. கடைத்தெருவுக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50, 40. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் இவை நேரத்துக்குச் சராசரி எடுத்த அளவுகள். ஐந்து விநாடியில் கடந்து போகிற ஒரே ஒரு வண்டியை இந்த விதியை வைத்துப் பிடிப்பது கடினம். புகார் எழுதும்போது "எங்கள் தெருவில் 45 டெசிபலைத் தாண்டுகிறது" என்று எழுதினால் அது அங்கேயே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

அந்தச் சட்டத்தில் உள்ளவை:

பிரிவு 190(2): ஒலி, புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தை மீறி ஓட்டுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். பலருக்கு இந்தக் கடைசி வரி தெரியாது.

பிரிவு 52, 182ஏ(4): அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

பிரிவு 194எஃப்: சைலன்சர் வழியாக அல்லாமல் வேறு வழியில் புகையை வெளியே விடும் கட்-அவுட் வைத்து ஓட்டுவது. முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000. தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதும் இதே பிரிவில்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 120: எல்லா வண்டிக்கும் சத்தத்தை முடிந்தவரை குறைக்கிற சைலன்சர் இருந்தே ஆக வேண்டும்.

தனிமனிதச் சுதந்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பில் தெளிவாகப் பேசியிருக்கிறது. பேச்சுரிமையைக் காட்டி மற்றவர் காதில் சத்தத்தைத் திணிக்க முடியாது. அமைதியாக வாழ்வது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது. ஒலிபெருக்கி, வெடி, வாகன ஹாரன் எல்லாவற்றையும் எடுத்துப் பேசிய தீர்ப்பு அது.

#3 பழைய ஆர்எக்ஸ்

மக்கா, சட்டமெல்லாம் செரி. சத்தம்னு வந்தா ஏன் எப்பவும் பைக்குக்காரன் மட்டும் கண்ணுல படுறான்? ராத்திரி முழுக்க பாறையும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு களியக்காவிளை பக்கம் போற டாரஸ் லாரிய யாரும் இப்படிப் பேசுறது இல்ல. கொடைக்கும் திருவிழாவுக்கும் கட்டுற குழாய் ஸ்பீக்கர்?

இன்னொண்ணு. திருப்பத்துல சத்தம் கேட்டாத்தான் எதிர்ல வாறவன் ஒதுங்குவான். திற்பரப்பு, பேச்சிப்பாறை ரோட்டுல ஓட்டினவனுக்கு அது தெரியும்.

மூணாவது, கொஞ்சம் திறந்து விட்ட சைலன்சர்ல வண்டி நல்லா இழுக்கும். இத இல்லன்னு சொல்ல முடியாது.

ஒரு ஆளு தன் வண்டிய தனக்குப் பிடிச்ச மாதிரி வச்சிக்கிடுறத ஊரே சேந்து குத்தமாக்குறதுல எனக்கு வெப்ராளந்தான் வருது.

#4 வேளிமலை

லாரி, ஸ்பீக்கர் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ஸ்பீக்கருக்கு இரவு 10 மணி வரம்பு உண்டு, அனுமதி வாங்க வேண்டும், விழா முடிந்தால் கழற்றிவிடுவார்கள். லாரிக்குத் தனி இழை போடலாம், நானும் எழுதுவேன். ஆனால் அடுத்தவன் செய்கிற தப்பு நம்ம தப்புக்குச் சீட்டு ஆகாது.

திருப்பத்து விஷயம்: சைலன்சர் வாய் பின்னால் பார்த்து இருக்கு. சத்தம் முன்னால் போவதைவிடப் பின்னால்தான் கூடுதலாகப் போகும். எதிரில் ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி வருகிற காருக்கு அது கேட்கும்போது இரண்டு பேரும் திருப்பத்துக்குள் வந்தாச்சு. 2017 ஏப்ரலில் இருந்து வருகிற வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரியும்படி வைத்திருப்பது அதற்காகத்தான். திருப்பத்தில் ஒரு தடவை ஹாரன் அடிப்பதும் சட்டப்படி சரி. இடதுபுறமே ஒட்டி வருவது இரண்டையும் விட நல்லது.

#5 பால்வெட்டு

எல்லாரும் "இரவு 10 மணி" என்று பேசுகிறீர்கள். நம்ம மாவட்டத்து உழைப்பாளிக்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது.

குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வேறு வழி இல்லை. அவர்கள் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையில் இரவு கடலுக்குப் போய் வந்தவர் தூங்குவது பகல் பத்து, பதினொரு மணிக்கு. தோவாளை பூச்சந்தைக்குப் பூக் கொண்டுபோகிறவர்கள் நடுராத்திரியில் எழுவார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வருகிற நர்சுக்குப் பகல்தான் இரவு.

"பகல்தானே, முறுக்கினால் என்ன" என்று கேட்கிற தம்பிமாருக்கு இதைத்தான் சொல்ல முடியும்: நீங்கள் கடக்கிற பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது எந்த நேரமும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

#6 பட்டறைக்காரன்

இழுவை பற்றிக் கேட்ட அண்ணனுக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னால சைலன்சருக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுறேன்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை ஒரே அடியா வெளிய வரும். அந்த அடிதான் சத்தம். கம்பெனி சைலன்சருக்குள்ள தகடு வச்சு இரண்டு மூணு அறையா பிரிச்சிருப்பாங்க. புகை ஒரு குழாய்ல போய், அறைக்குள்ள விரிஞ்சு, தகட்டுல முட்டித் திரும்பி, துளை போட்ட வேற குழாய் வழியா அடுத்த அறைக்குப் போகும். ஒவ்வொரு திருப்பத்துலயும் அந்த அடி கொஞ்சம் கொஞ்சமா உடையும். கடைசில வெளிய வாறது கிட்டத்தட்ட சீரான காத்து.

இங்க நடக்கிற திருத்தம் நாலு வகை. ஒண்ணு, கம்பெனி சைலன்சரையே பின்னால அறுத்து, உள்குழாயையும் தகட்டையும் எடுத்துட்டு மறுபடி வெல்டிங் வைக்கிறது. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. இரண்டு, அடிப்பக்கம் டிரில் போட்டு ஓட்டை விடுறது. மூணு, இந்தோரி, ஷார்ட் பாட்டில், மெகாபோன்னு கடையில கிடைக்கிறத மாட்டுறது. இதுல பலதுக்கு உள்ள ஒரே ஒரு துளைக் குழாய், சுத்தி கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். அந்தப் பஞ்சு சூட்டுல பொடியாகிப் பறந்திடும். வாங்கினப்போ இருந்த சத்தம் ஒரு வருசத்துல வேறயா மாறுறது அதனாலதான். நாலு, டிபி கில்லர்னு ஒரு சின்னக் குழாய் வாய்ல சொருகி, ஒரு போல்ட்லயோ சர்க்கிளிப்லயோ நிக்கும். அத உருவிடுறது.

இப்ப இழுவை. கார்புரேட்டர் வண்டியில புகை சுலபமா வெளிய போனா எஞ்சினுக்குள்ள காத்து கூடும், பெட்ரோல் பழைய அளவுலயே நிக்கும். கலவை லீனாகும். பிளக்க கழட்டிப் பாருங்க, காபிப்பொடி நிறம் போய் வெள்ளையா இருக்கும். எஞ்சின்ல இருந்து சைலன்சருக்குப் போற பெண்ட் பைப் நீலம் பாயும். அப்படியே ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு கருகும். சரி செய்ய மெயின் ஜெட்ட (கார்புரேட்டர்ல பெட்ரோல் வாற துளை) ஒரு அளவு கூட்டணும். பெரும்பாலானவங்க அத செய்யிறதே இல்ல.

கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல பீய்ச்சுற எஃப்ஐ வண்டியில ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஈசியூ (எஞ்சினோட கணினி) கலவைய திருத்தும். ஆனா அந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதுவும் மிதமா ஓட்டும்போது மட்டும். முழு முறுக்குல சென்சார் பேச்ச ஈசியூ கேக்காது, கம்பெனி போட்ட கணக்குப்படிதான் பெட்ரோல் விடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில கேட்கானும் (புகையச் சுத்தம் பண்ணுற பாகம்) சேர்த்து எடுத்துட்டா செக் எஞ்சின் விளக்கு எரியவும் வாய்ப்பு உண்டு.

ஆக, சைலன்சர மட்டும் மாத்தினா இழுவை கூடுறது காதுலதான். இதுல எனக்குச் சந்தேகம் கிடையாது.

இன்னும் ஒரு கெட்ட பழக்கம். ஓடுற வண்டியில சாவிய ஆஃப் பண்ணி, ஆக்சிலேட்டர முறுக்கி, உடனே ஆன் பண்ணி பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம் எழுப்புறது. சாவி ஆஃப்ல இருக்கிற அந்த நேரத்துல கார்புரேட்டர் வண்டி எரியாத பெட்ரோல சைலன்சருக்குள்ள தள்ளும். ஆன் பண்ணின உடனே அது அங்க வெடிக்கும். தகட்டு வெல்டிங் விட்டுப் போகும். கேட்கான் இருந்தா உள்ள இருக்கிற தேன்கூட்டு அமைப்பு உருகி அடைச்சிக்கும். பொறவு வண்டி இழுக்கலன்னு பட்டறைக்கு வருவாங்க.

#7 பழைய ஆர்எக்ஸ்

புல்லட்டுக்கு நீங்க சொன்னத ஒத்துக்கிடுதேன். ஆனா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியில பேஃபிள் குழாய (சைலன்சர் வால்ல சத்தத்த அடக்குற துளைக் குழாய்) உருவினா நிஜமாவே வண்டி பறக்கும் அண்ணே. அது எப்படி?

#8 பட்டறைக்காரன்

பறக்கிற மாதிரி தெரியிறதுக்குக் காரணம், உருவுறதுக்கு முன்னால அது அடைச்சுக் கிடந்ததுதான். டூ-ஸ்ட்ரோக்ல ஆயிலும் சேர்ந்து எரியுது. கரி பேஃபிள் துளைகள்ல தார் மாதிரி ஒட்டும். அந்த வண்டி உற்பத்தி 1996-லயே நின்னு போச்சு. பல பேஃபிள் கழட்டப்படாமலே கிடக்கு.

உருவி எறியாதீங்க, சுத்தம் பண்ணுங்க. சைலன்சர் வால்ல இருக்கிற ஒரே போல்ட்ட கழட்டி, பிளையர்ல பிடிச்சு திருகிக்கிட்டே இழுத்தா வரும். வரலன்னா முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வைங்க. வெளிய எடுத்த குழாய பிளாஸ்டிக் வாளியில காஸ்டிக் சோடா தண்ணியில போடணும். பத்து பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு சோடா. தண்ணியில சோடாவத்தான் கொஞ்சம் கொஞ்சமா போடணும். சோடா மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு மேல தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, சோடா அத அரிச்சு எரியிற வாயு கிளப்பும். ஒரு ராத்திரி ஊறினா கரி இளகிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில நாலு தடவ கழுவி, காய வச்சு மாட்டுங்க. துளை ஒவ்வொண்ணும் வெளிச்சத்துல தெரியணும்.

டூ-ஸ்ட்ரோக் சைலன்சரோட வயித்துப் பகுதி வடிவம் சும்மா வச்சது இல்ல. அங்க இருந்து திரும்பி வாற அலை, வெளிய தப்பின புதுக் கலவைய சிலிண்டருக்குள்ள திருப்பித் தள்ளும். வால்ல பேஃபிள் இல்லன்னா அந்த அலை கெட்டு, கீழ் ஆர்பிஎம்-ல (எஞ்சின் மெதுவா சுத்தும்போது) இழுவை போயிடும். ஏற்றத்துல, இரண்டு பேர் உக்காந்து போனா தெரியும்.

#9 ஒலிமானி

அளவு பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். இந்த விவாதத்தில் பாதி அளக்கத் தெரியாததால் வருவது.

தடையில்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். தூரம் பாதியானால் 6 கூடும். 7.5 மீட்டரில் 80 காட்டுகிற வண்டி 3 மீட்டர் தள்ளி இருக்கிற ஜன்னலுக்கு 88. ஒன்றரை மீட்டர் ஜன்னலுக்கு 94. இது எல்லையை மீறாத வண்டி முழு முறுக்கில் போனால் வருகிற கணக்கு. தகடு எடுத்த வண்டிக்கு இதற்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். இடவழியில் இரண்டு சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் தூரம் போகப் போகக் குறைவதும் மெதுவாகத்தான் இருக்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

நின்ற வண்டியை அளக்கும் முறை: மைக் சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர், வாய் பார்க்கும் திசைக்கு 45 பாகை சாய்வு, வாயின் உயரத்திலேயே. ஆனால் தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எஞ்சினை அதன் அதிகபட்சச் சக்தி வருகிற ஆர்பிஎம்-இல் பாதியில் நிறுத்தி அளக்க வேண்டும். அந்த ஆர்பிஎம் 5,000-க்கு மேல் இல்லாத வண்டிக்கு முக்கால் பங்கு. பக்கத்தில் சுவரோ வேறு வண்டியோ இருக்கக் கூடாது. வண்டி அணைந்திருக்கும்போது உள்ள சத்தம் குறைந்தது 10 டெசிபல் கீழே இருக்க வேண்டும். இப்படி அரை மீட்டரில் 100 வந்தால், 4 மீட்டரில் 82 என்று கணக்குப் போடலாம். இந்த அரை மீட்டர் எண்ணை 80 என்ற சட்ட எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுச் சண்டை போடுவது தப்பு. தூரமும் வேறு, முறையும் வேறு.

கைபேசி ஆப்: பேச்சுக்காக வைத்த மைக் அது. பெரிய சத்தத்தில் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். கடற்கரைக் காற்று மைக்கில் பட்டால் அந்தக் காற்றையே சத்தமாகக் காட்டும். சாட்சியாக ஆகாது. ஆனால் அதே கைபேசி, அதே இடம், அதே ஆர்பிஎம் வைத்து சைலன்சர் மாற்றும் முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். புல்லட் மாதிரி ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். 3,000 ஆர்பிஎம்-இல் விநாடிக்கு 50 சுற்று, 25 வெடி. சத்தத்தின் அடித்தளம் 25, 50, 75 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது. மீட்டரில் காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்துகிற "ஏ" அளவுகோல் வைத்தால் 63 ஹெர்ட்ஸ் சத்தத்தில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண் காட்டும். 31.5 ஹெர்ட்ஸ் என்றால் 39. அதனால் மீட்டரில் எண் சின்னதாக இருக்கும்போதே ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் எவர்சில்வர் தட்டு கிணுகிணுக்கும், படுத்திருக்கிறவர் நெஞ்சில் அடிக்கும். இப்படித் தாழ்ந்த ஒலி ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. காதில் பஞ்சு வைத்தாலும் நிற்காது. வீட்டுக்காரர் சொல்வதை "மீட்டர்ல ஒண்ணும் இல்லையே" என்று தள்ளிவிடக் கூடாது.

#10 முட்டம் காற்று

சைலன்சர் சத்தம் எல்லாமே வேணும்னு பண்ணினது இல்லைங்க. கடற்கரைப் பக்கம் பாதி வண்டிக்குத் துருதான் காரணம். மணவாளக்குறிச்சி, குளச்சல், மணக்குடி பக்கம் உப்புக்காத்து வெளிய இருந்து அரிக்குது. உள்ள இருந்து வேற ஒண்ணு அரிக்குது, அது பலருக்குத் தெரியாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். சைலன்சர் நல்லா சூடானா அது வெளிய போயிடும். வீட்ல இருந்து மீன் சந்தைக்கு, சந்தையில இருந்து வீட்டுக்குன்னு இரண்டு கிலோமீட்டர் ஓடுற வண்டியில சைலன்சர் சூடாகிறதுக்குள்ள அணைச்சிடுறோம். தண்ணி உள்ளயே தங்கும். அடிப்பகுதி உள்பக்கமிருந்து ஓட்டையாகும்.

செய்ய வேண்டியது: வாரத்துக்கு ஒரு தடவையாவது இருபது நிமிசம் ஒரே ஓட்டமா ஓட்டுங்க. கரையோரம் போயிட்டு வந்தா, ஆறினதுக்கு அப்புறம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. சூட்டோட ஊத்தக் கூடாது. பல சைலன்சர்ல அடியில ஊசித் துளை மாதிரி ஒண்ணு இருக்கும், அது தண்ணி வடியிறதுக்குக் கம்பெனி வச்சது. ஓட்டைன்னு நினைச்சு வெல்டிங் வச்சு அடைச்சிடாதீங்க. அதுல துரு அடைச்சிருந்தா ஊக்கால குத்தி விடுங்க.

உண்மையான ஓட்டை விழுந்திருந்தா ஒட்டுப் போடலாம், ஆனா சைலன்சர வண்டியில இருந்து கழட்டிட்டுத்தான் வெல்டிங். எஃப்ஐ வண்டியில மாட்டின மாதிரியே ஆர்க் வச்சா ஈசியூ போக வாய்ப்பு இருக்கு. ஒட்டுத் தகடு துத்தநாகப் பூச்சு உள்ளதா இருக்கக் கூடாது, அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டு வரும். சுத்தி இருக்கிற தகட்டைத் திருப்புளியால அழுத்திப் பாருங்க. உள்ளே போகுதுன்னா ஒட்டு நிக்காது, மாத்திடுங்க.

#11 சுங்கான்கடை

பழைய வண்டி வாங்குகிறவர்கள், தகடு எடுத்த சைலன்சரா என்று கண்டுபிடிப்பது எப்படி? ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் மட்டும் போதுமா?

#12 பட்டறைக்காரன்

போதாது. ஒரு இரண்டடி கம்பிய நேரா வால் வழியா விடுங்க. கம்பெனி சைலன்சர்ல கொஞ்ச தூரத்துல தகட்டுல "டிங்"குன்னு முட்டி நிக்கும். தடங்கல் இல்லாம நீளத்துக்கும் போச்சுன்னா உள்ள ஒண்ணும் இல்ல. கை முட்டியால தட்டிப் பாருங்க, வெறும் தகர டப்பா மாதிரி சத்தம் வந்தாலும் அதுதான்.

வெல்டிங் வரிய பாருங்க. கம்பெனி வரி ஒரே அகலத்துல, மீன் செதில் அடுக்கின மாதிரி இருக்கும். இங்க வச்சது முண்டும் முடிச்சுமா இருக்கும், அது மேல சில்வர் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. புகைச் சான்றிதழ் இருக்கேன்னு நம்பாதீங்க. அதுல புகையில இருக்கிற வாயுவத்தான் பாக்காங்க, சத்தத்த அளக்கிறதே இல்ல.

#13 கோட்டார் முடுக்கு

புகார் எப்படி எழுதுவது என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். வண்டி எண் முழுசாக (டிஎன் 74 என்றால் நாகர்கோவில் பதிவு, டிஎன் 75 மார்த்தாண்டம்), எந்தெந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தெரு, எந்தப் பக்கம் போனது. ஒரு வாரக் குறிப்பு இருந்தால் நல்லது. சத்தத்தோடு எண் தெரிகிற காணொளி ஒன்று. மேலே சொன்ன பிரிவு 190(2), 182ஏ(4) இரண்டையும் குறிப்பிடுங்கள். பள்ளி, மருத்துவமனை 100 மீட்டருக்குள் இருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். போக்குவரத்துக் காவலுக்கு ஒரு பிரதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு பிரதி, இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். அந்த நேரத்திலேயே ரேஸ் மாதிரி ஓட்டினால் 112.

காணொளியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது வேறு சண்டையில் முடியும்.

#14 பழைய ஆர்எக்ஸ்

மூணு மாசம் லைசென்ஸ் போகும்னு இப்பத்தான் தெரியும். சாப்பாடு டெலிவரி ஓட்டுற பையன், ஏலம் எடுத்த மீன வண்டியில கொண்டு விக்கிறவரு, இவங்களுக்கு மூணு மாசம்னா குடும்பம் கெட்டுப்போகும். அதனால எடுத்த எடுப்புலயே புகாரு வேண்டாம் அண்ணாச்சி. மொதல்ல வீட்டுல போய்ச் சொல்லட்டும். அதுவும் பையன் அப்பாகிட்ட அல்ல, பையன்கிட்டயே சொல்லணும். ஒரு மாசம் பாக்கட்டும். பொறவு எழுதட்டும்.

சத்தம் பிடிச்சவன் அத தன் தெருவுக்கு வெளிய வச்சிக்கிடணும்னு சொன்னா, கம்பெனி அளவுக்குள்ள இருக்கிற வரைக்கும் நான் ஒத்துக்கிடுதேன். ஆனா கம்பெனி சைலன்சர் போட்ட புல்லட்டயே "சத்தம்"னு முறைச்சுப் பாக்கிறவங்களும் உண்டு. அவங்களும் கொஞ்சம் இறங்கி வரணும்.

#15 வேளிமலை

ஒத்துக்கொள்கிறேன். கம்பெனி சைலன்சரோடு பதமாகப் போகிற வண்டியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அது வாழ்க்கைச் சத்தம். குக்கர் விசில் மாதிரி, மிக்ஸி மாதிரி.

தெருவாரியாகப் பேசி முடிவெடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இழையிலிருந்து கிடைத்ததை வைத்து ஒரு வாசகம் போடுகிறேன். வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள்:

"தெருவுக்குள் இரண்டாம் கியர், ஆர்பிஎம் ஏற்றாமல். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து முறுக்கிச் சூடாக்குவது இல்லை. எஃப்ஐ வண்டி ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடத்தில் கிளம்பலாம். சோக் போடுகிற பழைய வண்டியை மெயின் ரோடு வரை உருட்டிப் போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவு 9 முதல் காலை 6 வரை இறக்கம் உள்ள இடவழியில் எஞ்சினை அணைத்து, இறங்கி உருட்டி வர வேண்டும். சாவி போட்டு வெடிச் சத்தம் எழுப்புவது எந்த நேரமும் இல்லை. தகடு எடுத்த சைலன்சர் இருப்பவர் இரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றும் செலவுக்கு முடியாதவருக்குத் தெருச் சங்கம் பாதி தரும்."

எஞ்சினை அணைத்து வண்டி மேல் உட்கார்ந்தபடி இறக்கத்தில் விட வேண்டாம். 195 கிலோ வண்டி, முகப்பு விளக்கும் இல்லாமல் போகும். இறங்கி உருட்டுவதுதான். கடைசி வரி சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் முக்கியம். ஊருக்கு அமைதி வேண்டும் என்றால் ஊரும் கொஞ்சம் செலவு செய்யட்டும்.

#16 சுங்கான்கடை

கம்பெனி சைலன்சரைத் திருப்பி மாட்டிய பிறகும் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் "பட பட" என்று வெடிப்பதாகப் பலர் சொல்கிறார்களே?

#17 பட்டறைக்காரன்

பத்துல எட்டு வண்டியில அது காஸ்கெட். ஹெட்டுல பெண்ட் பைப் சேருற இடத்துல ஒரு வளையம் இருக்கும். கழட்டினா புதுசு போடணும், பழசு நசுங்கினது திரும்ப அடைக்காது. அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள போகும், எரியாம வந்த பெட்ரோல் அங்க பத்திக்கும்.

பார்க்கிறது சுலபம். ஆறின எஞ்சின ஸ்டார்ட் பண்ணின உடனே, சூடேறும் முன்னால, மூட்டுல சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழ் வந்தா கசிவு. கருப்பா புகைத்தடம் கோடு போட்டிருந்தாலும் அதுதான்.

மாட்டும்போது இரண்டு நட்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து கால் சுத்தா முறுக்குங்க. ஒரு பக்கத்த முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் போனா வளையம் சாய்ஞ்சு உக்காரும். கடற்கரை வண்டியா இருந்தா ஸ்டட் துருப்பிடிச்சிருக்கும், முந்தின நாளே துரு எண்ணெய் விடுங்க. ஸ்டட் ஹெட்டுக்குள்ள முறிஞ்சா இந்த ஐந்நூறு ரூவா வேலை ஆயிரக்கணக்குல போயிடும். புதுசு போடுறப்போ மரையில செம்பு பேஸ்ட் கொஞ்சம் தடவுங்க. ஐம்பது கிலோமீட்டர் ஓடினதுக்கு அப்புறம், வண்டி முழுசா ஆறின நிலையில, நட்ட ஒரு தடவ திரும்ப இறுக்கணும்.

காஸ்கெட் சரியா இருந்தும் வெடிச்சா, இரண்டு பாருங்க. புகை போற வழிக்குள்ள காத்து விடுற பிஏவி வால்வுக்குப் போற சின்ன ரப்பர் குழாய் வெடிச்சிருக்கா. சைலன்சர் மாத்தினப்போ மெயின் ஜெட்ட கூட்டியிருந்தா அதையும் பழைய அளவுக்கு இறக்கினீங்களா. இறக்கலன்னா பிளக் கரியா இருக்கும், மைலேஜும் குறையும். எஃப்ஐ வண்டியில ஆக்ஸிஜன் சென்சார கழட்டிட்டு, அது இருக்கிற மாதிரி ஈசியூவ ஏமாத்துற எலிமினேட்டர் சொருகியிருப்பாங்க. அத எடுத்துட்டு சென்சார திரும்ப மாட்டி, வயர் பெண்ட் பைப்ப தொடாம கிளிப்ல மாட்டுங்க. பைப் சூட்டுல வயர் உருகி வர்ற கேசும் இங்க உண்டு.